சோபா தின்ன மாத்திரைகள்

என்னங்க,

சாப்பாடு ஃப்ரிட்ஜில இருக்கு, சுட வச்சுக்கோங்க. நாலு மணிக்கு சோபா தைக்கிறவர் மறுபடி வருவார். நீங்களே கதவைத் திறங்க, என்னால அவர் முகத்துல முழிக்க முடியாது.

நேத்து அவர் சீட்டைக் கிழிச்சதும் உள்ளேருந்து பொலபொலன்னு மாத்திரையாக் கொட்டுச்சு. பாதி கரைஞ்சு, எச்சில் காஞ்சு, முடியும் தூசியும் ஒட்டி... "எலிக்கு வச்சீங்களாம்மா?"ன்னு கேக்குறார். ச்சீ! வெறுங்கையால அள்ளினேன்.

தினமும் சாப்பிட்டதும் கொழுப்பு மாத்திரையைக் கையில குடுத்துட்டு நான் தண்ணி எடுக்கத் திரும்புனா, வாயில போட்டுத் துப்பி சோபா இடுக்குல திணிக்கிறதா? மூணு மாசமாகியும் கொழுப்பு இறங்கலையேன்னு டாக்டர் குழம்பிப் போய், கூட இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினாரே! அப்பவும் பூனை மாதிரி உட்கார்ந்து தலையாட்டினீங்க. முதல் மாத்திரை வயித்துக்கே போகலைன்னு சொல்ல வாய் வரலையா? உங்களுக்காக நானும் எண்ணெய் இல்லாமத் தின்னு நாக்கே செத்துப்போச்சு.

டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லத்தான் கிளம்பிட்டேன். அவர் சொல்ற வரைக்கும் புது மாத்திரையைத் தொடாதீங்க. தொடமாட்டீங்க, தெரியும்.

பி.கு: அள்ளினதையெல்லாம் டப்பாவில போட்டு மேசைமேல வச்சிருக்கேன். திறந்து நல்லாப் பாருங்க.

இன்னொண்ணு. உங்க அப்பா உட்கார்ந்தபடியே உயிரை விட்டதும் இதே சோபாவுலதான். அன்னைக்கு அவர் சட்டைப்பை நிறைய முழுங்காத மாத்திரை இருந்துச்சு. நான்தான் எடுத்து மறைச்சேன். உங்ககிட்டகூட இதுவரைக்கும் சொல்லல.