மணிக்குப் பதில் பச்சைச் சேலை

பரங்கிப்பேட்டை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

ஒரு சந்தோஷம் சொல்லியே ஆகவேண்டும்! எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடித்தாலே ஆட்டிசம் உள்ள அல்மாஸ் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்துவிடுவாள். அதனால் மணியை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாகர்கோவிலிலிருந்து கிளம்பும்போது நீ கொடுத்த பச்சைச் சேலையை வராந்தாவில் நின்று ஆட்டினேன்.

"மணி அடிக்காம புள்ளைங்க எப்புடி டீச்சர் சாப்புட வரும்?" என்று சிரித்தார் சத்துணவு சமைக்கும் சலீமா அக்கா.

இன்று அல்மாஸே சேலையைப் பிடுங்கி ஆட்டினாள், அம்மா! பள்ளிக்கூடமே அவளை நோக்கி ஓடி வந்தது. அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். சேலையை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. உன் பழைய சேலை இன்னொன்று அனுப்பு. உன் சேலையைப் போர்த்திக்கொண்டால்தான் இங்கே தூக்கம் வருகிறது. துவைக்காமலே அனுப்பு.

இளவரசி