அப்பா கண் சிமிட்டிச் சொன்னது

அம்மா, இதை யாரிடமும் காட்டாதே, உன் காலில் விழுகிறேன். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

அப்பாவுக்கு வெறும் காய்ச்சல்தான் என்று சித்தப்பா உன்னிடம் சொன்னது பொய். நுரையீரலில் சளி கட்டி, எட்டு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. அதைப் பிடுங்கப் பார்த்தாராம், கைகளைக் கட்டியிருக்கிறார்கள். பயப்படாதே, மெத்தென்ற துணியால்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். இன்று நர்ஸ் அக்கா, "அவருக்குக் காது கேக்கும், பேசு பாப்பா. ஆமான்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுவாரு, இல்லைன்னா ரெண்டு தடவை" என்றார்.

"வலிக்குதாப்பா?" இரண்டு முறை சிமிட்டினார்.

"பயமா இருக்கா?" ஒரு முறை.

"அம்மா வேணுமா?" என்றேன். அப்பா சிமிட்டுவதை நிறுத்தவே இல்லை.

"பயத்துல, மூச்சு கொடுக்குற மெஷினோட சண்டை போடுறாரு, அதான் குழாயை எடுக்க முடியல. அம்மா குரலையாவது கேக்க வைங்க" என்றார் அக்கா.

சித்தப்பாவோ, "அண்ணிக்குத் தெரிஞ்சா அங்கேயே விழுந்துடுவாங்க, வாயைத் திறக்காதே" என்று என் போனையும் பிடுங்கிக்கொண்டார். விடிந்ததும் ஊருக்குப் புறப்படும் டிரைவர் மாமாவிடம் இதைக் கொடுப்பேன்.

அக்காவின் எண் பின்பக்கம் இருக்கிறது. உன் குரலைப் பதிந்து உடனே அனுப்பு அம்மா. அழாதே, அழுதால் அப்பா இன்னும் பயப்படுவார். அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டுவாயே, அப்படியே திட்டு. கடைசியில் என்னையும் இரண்டு வார்த்தை திட்டு. எனக்கு இங்கே

கதவைத் தட்டுகிறார்கள், சித்தப்பா