படிக்கட்டு அடியில் ஒரு பட்டன்

ஜூன் 3

பேண்ட் ஓரம் மடிக்கும் வேலை நிறைய. ஒரு பள்ளிப் பைக்கு ஜிப் மாற்றினேன். பை கொண்டுவந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். "நீ எந்த ஸ்கூல்?" என்றாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். படிப்பை நிறுத்தியதில் ஒரு வசதி, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லமாட்டார்கள். கடையில் குண்டூசிக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் தையல் கடை ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில். திரைச்சீலைக்குப் பின்னால் வீடு. மிஷினில் உட்கார்ந்தால் படிக்கட்டில் இறங்கும் கால்கள் மட்டும் தெரியும். இந்த ஊரை நான் முழங்கால் வரைதான் அறிவேன்.

ஜூன் 9

நிலையத்து முன்கூடத்தில் ஒரு சுவரளவு வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். நிலையத்தைச் சுற்றி உயரமான குடியிருப்புகள் வருமாம். கீழே கடை, மேலே வீடு, நடக்கிற தூரத்தில் ரயில். வண்டியே வேண்டாமாம். திட்ட அலுவலகத்து அக்கா கடைகடையாக விளக்கினாள்.

"நாங்க இப்பவே அப்படித்தானே இருக்கோம்? மாடி ஒண்ணுதான் இல்ல" என்றாள் அம்மா.

வரைபடத்தின் பக்கத்தில் நின்று ஸ்டிக்கர் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள் அக்கா. "எம் பொண்ணு சும்மாதான் இருக்கா." அப்போது என் மடியில் யாருடையதோ பேண்ட்.

ஜூன் 11

பச்சை ஒட்டினால்: இந்த இடத்தை இடித்து உயரமாகக் கட்டலாம். சிவப்பு: இருப்பது அப்படியே இருக்கட்டும். இது வரைபடத்தின் கீழே எறும்பு எழுத்தில் இருக்கிறது. வாயாலும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சொன்னேன். என் குரல் சட்டைக் காலர் வரை போய்த் திரும்பி வந்துவிட்டது.

யாருக்கும் விதிகள் தேவைப்படவில்லை. வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடினார்கள். "இதோ, இதான் நம்ம வீடு!" கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதன் மேலேயே ஒட்டினார்கள்.

எங்கள் தெருவின் மாடி வீட்டு அத்தையிடம் இரண்டு நிறத்தையும் நீட்டினேன்.

"சிவப்பா? என் வீடு என்ன பரீட்சையில ஃபெயிலா? பச்சையக் குடும்மா."

சிவப்பெல்லாம் பிடிக்காத இடங்களுக்குப் போனது. குப்பைமேடு, மழைத்தண்ணீர் வடியாத சுரங்கப்பாதை. சைக்கிள் ஸ்டாண்டு மாமா சுரங்கப்பாதை முழுக்கச் சிவப்பாக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைத் தன் தம்பி வீட்டு மேல் ஒட்டினார்.

கடைசியாக அம்மா. எங்கள் கடை மேல் பச்சை. உரியக்கூடாது என்று கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினாள். நான் வாயைத் திறந்தேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

ஜூன் 12

இன்றும் சொல்லவில்லை. ஏன்? வாயில் ஊசிகூட இல்லையே.

ஜூன் 20

முன்கூடத்தில் கூட்டம். கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி மிகவும் நெகிழ்ந்திருந்தார். எங்கள் தெரு முழுக்க ஒருமனதாக இடிக்கச் சொல்கிறதாம். எங்கள் கடை இருக்கும் இடத்தில் புல்வெளி. மக்களுக்குக் குப்பைமேட்டின் மீதும் சுரங்கப்பாதையின் மீதும் தனிப் பற்று இருப்பதால் அவற்றைத் தொடவே மாட்டார்களாம்.

மாமா எழுந்தார். "சார், போன மழைக்கு அந்தச் சுரங்கத்துல என் செருப்பு மிதந்து போச்சு. அதையா காப்பாத்தப் போறீங்க?"

"மக்கள் விருப்பம் அதுதானே ஐயா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன். பயந்துபோய்ப் பார்த்தாள். மைக்கை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை — என் கையில் இருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டத்தான் தேடுனாங்க. பச்சைன்னா நல்லதுன்னு ஒட்டிட்டாங்க. பிடிக்காததுக்குச் சிவப்பு. நான் சொன்னேன். ஆனா... சத்தமா சொல்லல."

மைக் ஊளையிட்டது. அக்கா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "இத முன்னாடியே ஏம்மா சொல்லல?"

"அவ வாயில ஊசி இருந்திருக்கும்" என்றாள் அம்மா. கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

ஜூன் 28

மறுபடியும் ஸ்டிக்கர். யார் வீடும் ஃபெயிலாகக் கூடாது என்று இந்தத் தடவை நீலமும் மஞ்சளும். நான் ஸ்டூல் மேல் ஏறிக் கத்தினேன். எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் ஒருவரும் ஒட்டவில்லை.

அத்தை கேட்டாள்: "லிஃப்ட் வரும்னா கட்டட்டும். வாடகை ஏறும்னா வேணாம். இதுக்கு என்ன கலரு?"

அக்காவிடம் அந்த நிறம் இல்லை.

அம்மாவுக்கேற்ற நிறமும் இல்லை. "வீடு மேல போகட்டும், ஒழுகாம இருக்கும். கடை மட்டும் இந்தப் படிக்கட்டு அடியிலதான் வேணும். மாடியில உக்காந்தா எவன் பேண்டத் தூக்கிக்கிட்டு ஏறி வருவான்? இறங்குற கால் எங்களுக்குத் தெரியணும், நாங்க அவங்க கண்ணுல படணும்."

"அதுக்கு ஸ்டிக்கர் இல்லையேம்மா."

அம்மா ஒரு கறுப்புக் கோட்டு பட்டனை எடுத்து, வரைபடத்தில் படிக்கட்டு அடியில் வைத்து, ஊசியால் தைத்தே விட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். "இப்ப எடுங்க பாப்போம். நான் போட்ட முடிச்சு."

அக்டோபர் 14

புதிய வரைபடம் வந்துவிட்டது. படிக்கட்டு அடியில் அழகான ஒரு வட்டம்! ஓடிப்போய்க் கீழே குறிப்பைப் பார்த்தேன்.

நீரூற்று.

இந்தத் தடவை உடனே அம்மாவிடம் சொன்னேன். "நீரூற்றா? நம்ம கடையில இருந்து தண்ணி பீச்சப் போகுதா?" என்றாள். பிறகு வெகுநேரம் மிஷினை மிதிக்கவில்லை.

அக்டோபர் 15

தனியாக ரயிலேறி அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை வருடம் ரயிலடியிலேயே இருந்துகொண்டு, தனியாக ஏறியது இன்றுதான். படம் வரைகிறவரைக் காட்டினார்கள்.

"சார், இது நீரூற்று இல்ல. தையல் கடை."

"வட்டமா இருக்கேம்மா?"

"பட்டன் வட்டமாத்தான் சார் இருக்கும்."

ரப்பரை எடுத்தார். அவர் அழித்து முடிக்கும் வரை நகராமல் நின்றேன்.

டிசம்பர் 2 (மறு வருடம்)

இன்று கடைச் சாவி கொடுத்தார்கள். படிக்கட்டு அடியிலேயே. பழைய வீடுகளை இடித்துவிட்டார்கள். மேலே புது வீடுகள் இன்னும் வெறும் தூண்களாக நிற்கின்றன, அவை முடியும்வரை நாங்கள் அத்தையோடு வாடகை இடத்தில்தான். குப்பைமேட்டைச் சுற்றி நல்ல வேலி, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று பலகை. அந்த வேலிக்கான உத்தரவு முதல் கூட்டத்தன்றே போய்விட்டதாம்.

படம் வரைகிறவர் அன்று 'நீரூற்று' என்ற எழுத்தைத்தான் அழித்திருக்கிறார். வட்டத்தை அழிக்கவில்லை. கடை வட்டமாக இருக்கிறது. மிஷின் எந்தச் சுவரோடும் ஒட்டவில்லை, அலமாரி எங்கே வைத்தாலும் பின்னால் பூனை படுக்க இடம். அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "முடிச்சு போட்டது நானு. யாரத் திட்ட?" என்றாள்.

ரயில் வந்தது. கால்கள் இறங்கின. பள்ளிப் பைக்காரி இப்போது வேலைக்குப் போகிறாள் போல, கைப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"கடை ஏன் இப்படி வட்டமா இருக்கு?"

வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னேன்.