துடைப்பம் எடுக்காத நாட்கள்

டப்ளின், கலிபோர்னியா
டிசம்பர் 31

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மகள் கயல் எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, நானும் நம்பவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. அம்மாவோடு பேசும்போது பின்னால் நீங்கள் இருமுவது மட்டும் கேட்கும். கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் இருமலோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை. வீடு தேடி வந்தவர் கையில் கொடுத்தால் வாங்காமல் இருக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில், இன்று சாயங்காலம் கோயமுத்தூர் கிளம்பும் பத்ரி அங்கிளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்துத் தெருக்காரர். நல்ல மனிதர், கொஞ்சம் அதிகம் பேசுவார். ஒரு காபி கொடுத்து அனுப்புங்கள். பெட்டியில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டார், அதனால் பாதாமும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. வெறும் காகிதம்தான்.

உங்களுக்கு நெஞ்சில் அடைப்பு, பொங்கல் கழித்து ஆபரேஷன் என்பது எனக்குத் தெரியும். சபரி சொல்லிவிட்டான். தம்பி மேல் பாயாதீர்கள், நான் அழுது அடம் பிடித்துத்தான் அவன் வாயைத் திறந்தான். அமெரிக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று உத்தரவு போட்டிருந்தீர்களாம். அமெரிக்காவுக்கு என்றுதான் சொன்னீர்களாம், கயலுக்கு என்று சொல்லவில்லையாம். அப்பா, அது எனக்கு ரொம்ப வலித்தது.

இனி நான் கட்டிக்கொண்ட டானிலோவைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. முகத்தைச் சுளிக்காமல் படியுங்கள். அவர் சீனாக்காரர் இல்லை, பிலிப்பைன்ஸ்காரர் என்று பெரியப்பாவுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறார். வருகிற ஜனவரியிலிருந்து ஒரே ஒரு வகுப்புதான் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கவலை ஒரு பக்கம் இருக்கட்டும்.

அவர் ஆராய்ச்சி செய்வது, நூறு வருஷத்துக்கு முன் அவர் நாட்டிலிருந்து இங்கே வயல் வேலைக்கு வந்த ஆட்களைப் பற்றி. எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவே பிடித்து மலையைத் தாண்டினால் ஸ்டாக்டன். அங்கே நாளெல்லாம் குனிந்து ஆஸ்பரகஸ் என்ற ஒரு தண்டை அறுத்தவர்கள். இளவட்டமாக வந்து கிழவர்களாகச் செத்தார்கள். நிறையப் பேர் ஊர் திரும்பவே இல்லை. வயதான காலத்தில் அவர்களைப் பேச வைத்து யாரோ டேப்பில் பதிவு பண்ணி வைத்திருக்கிறார்கள். இவர் அதைக் கேட்டுக் கேட்டு எழுதுவார். ஒருவர் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு, யாருடைய காரிலோ சாய்ந்து நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினாராம். நான் உங்களுக்கு அனுப்பிய போட்டோவில் இருப்பது யார் கார் என்று மட்டும் கேட்காதீர்கள். எப்படியும் பத்ரி அங்கிள் சொல்லிவிடுவார்.

அவரவர் அம்மாவைப் பற்றிக் கேட்டால் அந்தக் கிழவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். டேப் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். டானிலோ அந்த இடத்தில் மௌனம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

அக்டோபரில் அவர் அம்மா இறந்துபோனார். இலோய்லோ என்ற ஊரில். நம் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்கள் இருமியிருப்பீர்கள். டானிலோ போகவில்லை. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பங்கள் இன்னும் முடியாமல் கிடக்கின்றன. அது முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியே போவதற்குத் தனியாக ஓர் அனுமதி வேண்டும். கேட்டிருந்தார், வரவில்லை. அது இல்லாமல் கிளம்பினால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் திரும்பி வர எத்தனை வருஷமோ, வர முடியுமோ முடியாதோ. ஒரே மகன். பெற்றவளின் முகத்தைப் போனில் பார்த்தார்.

செய்தி வந்த காலையில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நம் வீட்டில் பார்த்ததைச் செய்தேன். தலைக்குக் குளித்தேன். இந்தியன் ஸ்டோரில் வாங்கிய துடைப்பத்தை எடுத்து ஹாலைப் பெருக்கினேன், தண்ணீர் விட்டுத் துடைக்கப் போனேன். டானிலோ ஓடி வந்து என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவர்கள் ஊரில் உடலை வீட்டில் வைத்துக்கொண்டு பல நாள் ஜெபம் செய்வார்களாம். எடுக்கும்வரை யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாதாம். தொட்டால் அந்தக் குடும்பத்தில் இன்னோர் உயிரையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளினது மாதிரியாம்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. உங்கள் மகள்தானே. உடல் அங்கே இலோய்லோவில்தானே இருக்கிறது, இங்கேயா இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அவர் மேஜையைக் காட்டினார். அங்கே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் அவர் அம்மா சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார், பக்கத்தில் டானிலோவின் அக்கா ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். சாவு இந்த வீட்டிலும்தான் நடக்கிறது கயல் என்றார். அப்புறம் அடக்கம் முடியும்வரை நான் துடைப்பத்தைத் தொடவில்லை. வீடெல்லாம் தூசி. அந்தத் தூசியில்தான் நடந்தோம், சாப்பிட்டோம்.

அடுத்த மாதமே சபரி உங்கள் செய்தியைச் சொன்னான். படித்த பெண் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று திட்டுவீர்கள், திட்டுங்கள். அன்று நான் பெருக்கினது உங்களைத் தொட்டுவிட்டதோ என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. டானிலோவிடம் சொன்னேன். இதெல்லாம் வெறும் நம்பிக்கை, ஆராய்ச்சிக்குத்தான் ஆகும் என்று வாத்தியார் மாதிரி ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வருஷத்தின் கடைசி நாளில் ஒரு பக்கம் எழுதுவது அவர் வழக்கம். இந்த வருஷம் சரித்திரக்காரனாக என்ன கற்றுக்கொண்டேன் என்று. போன வருஷம் வரைக்கும் ஒரே பீற்றல்தான், நான் கேலி பண்ணுவேன். இன்று காலையில் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினார். இந்த வருஷம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையாம். மௌனம் என்று எழுதித் தாண்டிப் போன இடங்களையெல்லாம் மறுபடி போட்டுக் கேட்டாராம். ஒருவர் மூக்கை உறிஞ்சுகிறார். ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். ஒருவர் மெதுவாகத் தன் அம்மாவின் பெயரைச் சொல்கிறார், அதைக்கூட இவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார். இவர்களைப் பற்றி எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன், கடைசியில் இவர்களில் ஒருவனாகிவிட்டேன் என்று முடித்திருந்தார்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நீ ஊருக்குப் போ என்றார்.

நான் கேட்கவே இல்லை அப்பா. கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்த அனுமதி வரவில்லை. கிரீன் கார்டு போனால் போகட்டும், உன் அப்பாவைப் போனில் பார்க்காதே என்றார். உங்களை இங்கே விட்டுவிட்டு எத்தனை வருஷம் இருப்பது என்று அவரிடம் கத்தினேன். உயிரோடு இருக்கிறவனிடம் போனில் பேசிக்கொள்ளலாம் கயல் என்றார். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். டிக்கெட் போட்டாயிற்று. ஒன்பதாம் தேதி கிளம்புகிறேன், பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன். உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை, தகவல்தான் சொல்கிறேன். வாசலை அடைத்தால் காம்பவுண்டு ஏறிக் குதித்து வருவேன்.

ஊருக்குப் போகிறவர்கள் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்று அம்மா துடைப்பத்தை ஒளித்து வைப்பாரே, அதை இன்று டானிலோவிடம் சொன்னேன். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் துடைப்பம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் சிரித்துப் பார்க்கிறேன். நீ திரும்பி வரும்வரைக்கும் வீட்டைப் பெருக்கவே மாட்டேன் என்றார்.

ஒரே ஒரு வேண்டுதல். கல்யாணம் ஆன வருஷம் பொங்கலன்று அவர் உங்களுக்குப் போன் பண்ணினார், ஞாபகம் இருக்கும். மாமா, சாப்ட்டீங்களா என்று கேட்டார். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அந்த ரெண்டு வார்த்தைக்காகக் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார். லைன் கட்டாகிவிட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

நான் வந்து சேர்ந்ததும் அங்கே கூப்பிடுவார். போனை உங்கள் கையில் கொடுப்பேன். அதையேதான் கேட்பார். மாப்பிள்ளை என்று கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இல்லை. சாப்ட்டனுங்க, நீங்க சாப்ட்டீங்களா என்று திருப்பி ஒரு வார்த்தை கேளுங்கள். அவரை அப்படிக் கேட்க அம்மா இல்லை. ஒன்பதாம் தேதிக்குப் பிறகு இந்த வீட்டிலும் ஆள் இருக்காது.

மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நான் வரும்வரை என் மேல் கோபமாகவே இருங்கள், கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டுமே. அந்தத் தெம்பு குறையாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு,

உங்கள் பிடிவாதத்தோடு பிறந்த மகள்,
கயல்