அந்த அறையில் பதினோரு பேர்

அக்கா,

இன்று காலை கோட்டுப் பைக்குள் கையை விட்டதும் ஊக்கு சுருக்கென்று குத்தியது. எப்போதும் நாலைந்து போட்டு வைத்திருப்பேன். எதற்கு என்று இந்த இரும்புலியூர் கிளினிக்கில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். நீ போய்ப் பத்து வருஷமாகியும் அது ஆறவில்லை.

டாக்டர் படிப்பின் கடைசி வருஷத்தில் மூன்று மாதம் என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் இல்லையா? அங்கே ஒரு மருத்துவமனையில் டாக்டர்களின் பின்னாலேயே வார்டு வார்டாக நடந்து, அவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டாம் நாளே, ஒரு வயதான அம்மாவின் கட்டிலருகே நின்று, "இந்த மாணவி உடன் இருக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். டாக்டர் எனக்குக் கதவைக் காட்டினார். அரை மணி நேரம் வெளியே நின்றேன். என் நிறம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அன்றைக்கே நீல ஏரோகிராம் தபால்தாளில் இண்டு இடுக்கு விடாமல் உனக்கு எழுதித் தள்ளினேன். நாயைத் துரத்துகிற மாதிரி துரத்திவிட்டார்கள் என்றுகூட எழுதியதாக ஞாபகம்.

நீ எனக்காகக் கொதிப்பாய் என்று நினைத்தேன். உன் பதிலில் அம்மாவுடன் திருநீர்மலைக்குப் போய்வந்தது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, எல்லாம் இருந்தது. கடைசி மடிப்பில் மட்டும் ஒரு வரி: "அந்தப் பாட்டி வேண்டாம்னு சொன்னதை டாக்டர் நிஜமாவே கேட்டுக்கிட்டாரா?" எனக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன்மேல் ஆத்திரமாக வந்தது. நான் ஒரு மண்டு.

திரும்பி வந்தபோது நீ இளைத்திருந்தாய். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கையைத் தூக்க முடியாமல் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாய். மார்பில் கட்டி. நான் கிளம்புவதற்கு முன்பே, எனக்கும் தெரியாமல், தனியாக ரயிலேறி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய்.

"பதினோரு பேர்டி. எண்ணினேன். வேற என்ன பண்றது? பெரிய டாக்டர் என்னை ஒரு வார்த்தை கேக்கல. புடவையை எடுக்கச் சொன்னாரு, டாக்டருக்குப் படிக்கிற பசங்களக் கூப்பிட்டாரு. ஒவ்வொருத்தரா வந்து தொட்டுப் பார்த்தாங்க. அதுல ஒருத்தன் எட்டாங் கிளாஸ்ல எங்கிட்ட படிச்ச பையன். 'குட்மார்னிங் மிஸ்'னான்."

"நீ என்ன சொன்ன?"

"குட்மார்னிங்னேன். பழக்கம்." கொஞ்ச நேரம் துணியையே மடித்துக்கொண்டிருந்தாய். "எல்லாரும் போனப்புறம் ஊக்கைக் காணோம். தோள்ல புடவையக் கையால பிடிச்சுக்கிட்டே தாம்பரம் வரைக்கும் வந்தேன்."

சதை எடுத்துச் சோதிக்க மறுவாரம் வரச் சொல்லியிருந்தார்கள். நீ போகவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம் வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு போனபோது ஏழு மாதம் ஓடியிருந்தது. அதற்குள் அது அக்குள்வரை பரவியிருந்தது.

உன் காரியத்தன்று சொந்தக்காரர்கள், "படிச்சவ, டீச்சர் வேற, இப்படி அலட்சியமா இருந்துட்டாளே" என்று பேசிக்கொண்டார்கள். யாருடைய அலட்சியம்? "இவங்க இருக்கலாமாம்மா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த ஒரு மூச்சுக்குக்கூட நீ லாயக்கில்லையா? வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பெரிய டாக்டர். அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டு நீ செத்துப்போனாய். அன்று இதையெல்லாம் எழுந்து சொல்லாமல் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால், அக்கா, அந்தப் பதினோரு பேரில்தான் நான் இல்லை. வேறு அறைகளில், வேறு பெண்களைச் சுற்றி நானும் நின்றிருக்கிறேன். ஒருத்தியின் முகமும் ஞாபகமில்லை. கட்டிகள் ஞாபகமிருக்கின்றன. என் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது.

இன்று பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பெண் வந்தாள். உனக்கு இருந்த அதே இடத்தில் கட்டி. விடுமுறையில் என்னிடம் வேலை பழக வரும் மருத்துவக் கல்லூரி மாணவன் நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். இவர் இருக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம்னா கோச்சுக்கினு அனுப்ச்சிடுவீங்களா டாக்டரம்மா?"

"மாட்டேன்."

"அப்ப வேணாம்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனான். இங்கிலாந்தில் என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும். பார்த்து முடித்ததும் அவள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலின்மேல் எதையோ தேடினாள். நான் பைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் குத்தியது.

ஊக்கைக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை சோதனைக்கு வரச் சொன்னேன்.

"வந்துர்றேன்" என்றாள்.

வருவாள், அக்கா.