குரல் வந்து சேர்ந்ததா?

ஜூலை 3

பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். நம் பல்கலைக்கழக வானொலியை யார் கேட்கிறார்கள் என்று பதினெட்டாம் தேதி குழுவுக்குக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் மூடிவிட்டு, ஸ்டூடியோவைத் தேர்வுத் துறைக்குக் கொடுத்துவிடுவார்களாம். காற்றில் போவதை எப்படிப் பிடித்துக் காட்டுவது?

வீட்டில் கணவரிடம் புலம்பினேன். "நான் ஒருத்தன் கேக்கறேனே. தினம் ஆறு மணிக்குக் கடையில உன் குரல்தான்" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு நேயர். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஜூலை 6

வானொலி வரலாற்றுத் தொடர், முதல் பகுதி. ஆரம்ப காலத்தில் யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் பேசினார்கள். எங்கோ தொலைவில் கேட்டவர்கள் 'உங்கள் குரல் வந்து சேர்ந்தது' என்று அட்டை எழுதிப் போட்டார்கள். நீங்களும் எழுதுங்கள், போன் செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"பிரமாதம்" என்றார் இவர்.

ஜூலை 11

ஒரு அட்டை இல்லை. ஒரு போன் இல்லை. ஒரு ஈ காக்கை கூடவா கேட்கவில்லை?

ஜூலை 12

கேன்டீன்காரர் மேட்ச் கேட்க வாங்கிப்போன எங்கள் ரேடியோவை இன்றுதான் திருப்பித் தந்தார். நிகழ்ச்சி ஓடும்போதே போட்டுப் பார்த்தேன். ஹெட்போனில் பாட்டு கணீரென்று கேட்கிறது. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

டெக்னீஷியன் மொட்டைமாடிக்கு ஓடினார். ஜூன் கடைசியில் தண்ணீர்த் தொட்டி வைக்க வந்தவர்கள் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எதுவுமே வெளியே போகவில்லை. ஹெட்போனில் வருவது ஸ்டூடியோவுக்குள் சுற்றும் ஒலி. வெளியே போகிறதா என்று ரேடியோ வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதைத்தான் மேட்சுக்குக் கொடுத்துவிட்டோமே! என் புத்தியை எதால் அடிப்பது?

அது கிடக்கட்டும். இவர் எதைக் கேட்டுப் பிரமாதம் என்றார்?

ஜூலை 13

கேட்டேவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாலு மாசமா கேக்கலை. நீ வந்ததும் ஆசையா என் மூஞ்சியப் பாப்ப. எப்படிச் சொல்றது?"

நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேனே! தினம் தினம் பொய்யா? சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

ஜூலை 18

மழுப்பிவிடலாம் மேடம் என்றார் டெக்னீஷியன். எனக்குப் பொய் அலுத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் ஊமையாக இருந்தோம், ஒருவரும் கவனிக்கவில்லை என்று குழுவில் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். மாத முடிவோடு மூடல்.

ஜூலை 20

வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜூலை 31

கடைசி ஒலிபரப்பு. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் டெக்னீஷியன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, வருகிறது என்று கட்டைவிரலைக் காட்டினார். பழக்கதோஷம், போன் எண்ணையும் சொல்லிவைத்தேன்.

பாட்டு ஓடும்போது போன் அடித்தது.

"நேயர் பேசறேங்க. ரெண்டாவது பாட்டுக்கு முன்னாடி பேசினீங்களே, சுத்த அறுவை. மூச்சு விடாமப் பேசறீங்க. மத்தது பரவாயில்லை."

கேட்டதற்கு நன்றி, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று எல்லா நேயரையும் கேட்பதுபோலவே கேட்டேன்.

"கண்ணாடிக் கடையிலேருந்து. பாதி ஷட்டரை இறக்கிட்டுக் கேட்டுட்டிருக்கேன். முடிச்சுட்டு வாங்க, சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்."

பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அடுத்துப் பேச வேண்டியதில் பாதியைப் பேனாவால் அடித்துவிட்டேன்.