எட்டாவது பிரேக்

நேற்றுக் காலை பட்டறையில் உங்கள் காரின் சக்கரங்களைக் கழற்றினார்கள். பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்ததும் அந்தக் கருகிய வாடை வந்தது. ரேஸ் முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது சட்டையில் இருக்குமே, அதே வாடை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து எனக்கு எதுவுமே வருவதில்லை. பசியில்லை, கோபமில்லை. காபி ஆறிப்போயிருந்தாலும் தெரியாமல் குடித்து வைக்கிறேன். "கல்லு மாதிரி கீறாளே" என்று உங்கள் அக்கா என் காதுபடவே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும், உண்மைதானே.

"பழைய பிரேக் லைனிங் தேஞ்சிப்போச்சுக்கா. சார் ஹார்டு, சாஃப்டுன்னு ரெண்டு செட்டு வெச்சிருந்தாரே, எத மாட்டட்டும்?" என்று பட்டறைக்காரர் கேட்டார். மெட்ராஸில் ரேஸ் ஓட்டுகிற ஒருவர் காரை விலைக்குக் கேட்டிருக்கிறார். அவருக்கு என்றால் ஹார்டு லைனிங் போட வேண்டும். "வித்துடுக்கா, அத வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப்போற?" என்கிறான் என் தம்பி. நம் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இந்த லைனிங்கை வைத்துத்தானே.

ஒரே கார்தான் நமக்கு. வாரம் முழுக்க நம் கடையிலிருந்து பம்புசெட் மோட்டாரை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போகும், வரும். வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராஸ் பக்கத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓடும். ஹார்டு லைனிங் சூடேறினால்தான் பிடிக்கும், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வழுக்கிக்கொண்டே போகும். சாஃப்ட் லைனிங் மிதித்ததும் பிடிக்கும், ரேஸில் கொஞ்ச நேரத்திலேயே புகைந்து கைவிட்டுவிடும். ரெண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒன்று கிடையாதா என்று கேட்பேன். "எல்லாத்துக்கும் ஒத்துப்போறது நீ ஒருத்திதாம்மா" என்று சிரிப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எந்த செட்டை மாட்டினாலும் விடியற்காலையில் மலையைச் சுற்றக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். லைனிங் டிரம்மில் படிய வேண்டுமாம். கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கத்துக்கு எட்டு பிரேக். "சாமிக்கும் ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு" என்பீர்கள். கடைசியாக ஈசான்ய லிங்கத்தில் நிறுத்திவிட்டு, புறங்கையைச் சக்கரத்தின் நடுவே வைத்துச் சூடு பார்ப்பீர்கள். அது ஆறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார வேண்டும். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இது என்ன உட்காரல் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு வருஷம் ரேஸ் முடிந்து வந்த அலுப்பில், ஹார்டு லைனிங்கை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்கள். அன்று பௌர்ணமி. மதியத்திலிருந்தே செங்கம் ரோட்டில் மலை சுற்றுகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள், நம் கார் அவர்கள் பின்னால் ஊர்ந்தது. இடுப்பில் பிள்ளையோடு முன்னால் போன ஒரு பெண் சட்டென்று நின்றாள். நீங்கள் மிதித்தீர்கள். கார் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டே போனது. அவள் சேலைக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்றைக்குப் பரணில் ஏறியதுதான் அந்த ஹார்டு செட். அடுத்த ரேஸுக்கு சாஃப்ட் லைனிங்கோடே போனீர்கள். இரண்டாவது சுற்றில் புகை வந்தது. நீங்களாகவே ஓரங்கட்டிவிட்டீர்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். "அங்க தோத்தா வீட்டுக்கு வந்துடலாம். இங்க அந்தப் புள்ள மேல ஏறியிருந்தா நான் எங்க போறது?" என்றீர்கள் என்னிடம் மட்டும். அப்புறம் ரேஸுக்குப் போகவேயில்லை. ரேஸ் நாள் வந்தால் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவைப்பீர்கள், அவ்வளவுதான்.

"சாஃப்டே போடுங்க" என்றேன் பட்டறைக்காரரிடம்.

"அப்ப மெட்ராஸ்காரருக்கு?"

"கார விக்கலங்க."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

இன்று விடியற்காலையில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். நீங்கள் எனக்கு வண்டி ஓட்டப் பழக்கிவிட்ட அதே ரோடு. ஒவ்வொரு லிங்கத்திலும் மிதித்தேன். யம லிங்கத்தில் ஒரு சாமியார் முறைத்தார். ஈசான்ய லிங்கம் வந்தபோது கால் தயங்கியது. உங்களை அந்தச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். பெண்கள் வரக்கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

எட்டாவது பிரேக்கையும் மிதித்தேன். கார் நின்றது. இறங்கிப்போய்ச் சூடு பார்த்தேன். எனக்கு உங்கள் பக்குவம் ஏது? உள்ளங்கையை அப்படியே வைத்துவிட்டேன். சுரீரென்றது. "ஐயோ, சுடுதுங்க" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உங்களிடம் சொல்லத்தான் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் வந்தது அழுகை. சக்கரம் ஆறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளங்கை சிவந்து கிடக்கிறது. இதை எழுதும்போதும் எரிகிறது. மருந்து போடவில்லை, இன்றைக்கு ஒரு நாள் எரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.